கவனக்குறைவு என்று ஒரு சொல்

ஐயா, உங்கள் அறையில் சுற்றுகிற இந்த மின்விசிறிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடச் சொல்லுங்கள். உள்ளே புஷ் தேய ஆரம்பித்திருக்கிறது. இப்போது முனகுகிறது, இப்படியே விட்டால் ஒருநாள் புழுக்கத்தில் நின்றுவிடும். குறையாகச் சொல்லவில்லை. பழுது பார்த்துப் பழகிய காது சும்மா இருப்பதில்லை.

நான் வந்தது வேறு விஷயத்துக்கு. என் தங்கையின் கணவர் சோளக்காட்டில் பன்றி பாய்ந்து இறந்தது பற்றி நீங்கள் எழுதி முடித்திருக்கிற அறிக்கையில் ஒரு சொல் தவறாக விழுந்திருக்கிறது. 'துப்பாக்கியைப் பழுது பார்த்தவரின் கவனக்குறைவு' என்று எழுதியிருக்கிறீர்கள். பழுது பார்த்தவன் நான்தான். அந்தக் கடைசிச் சொல்லை எடுத்துவிட வேண்டும். மற்றபடி அறிக்கையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சிரிக்கிறீர்கள். அபராதத்தோடு போகிற காரியம், மிஞ்சினால் உரிமத்தைக் கொஞ்ச நாள் பிடித்து வைப்பார்கள், இதற்காக இந்த ஆள் பஸ் ஏறி வந்து உட்கார்ந்திருக்கிறானே என்று தோன்றும். தொழில்காரனுக்குப் பெயர்தான் சோறு போடுகிறது. எழுத்தரை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். நான் நிதானமாகத்தான் பேசுவேன், அவருக்குக் கை வலிக்காது.

எங்கள் கடை சந்தைத் தெரு முடிகிற இடத்தில், சைக்கிள் கடைக்கும் தகரக் கடைக்கும் நடுவில் இருக்கிறது. முன்னால் ஒரு மேசை, அதில் பொருத்திய இரும்பு இடுக்கி, சுவரில் அளவு வாரியாக மாட்டிய கருவிகள். பின்னால் நீளமான முற்றம், அதன் கோடியில் ஆள் உயரத்துக்கு மேல் குவித்த மண்மேடு. சரிசெய்த துப்பாக்கியை அந்த மேட்டில் சுட்டுப் பார்ப்போம். ஊருக்குள் வேறு எங்கும் சுட அனுமதி கிடையாது, உங்களுக்கே தெரியும்.

எங்களிடம் வருகிறவற்றில் பாதிக்கு மேல் தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் ரகம். இரட்டைக்குழல் துப்பாக்கி கதவு மாதிரி, திறந்தால் திறக்கும், மூடினால் மூடும். இது அப்படி இல்லை. சுட்டவுடன் வெடிப்பின் அழுத்தத்தில் ஒரு பங்கு குழலில் உள்ள சின்னத் துளை வழியாக இறங்கி ஒரு பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன், குழலின் பின்வாயை அடைத்திருக்கிற இரும்புக் கட்டையான போல்ட்டைப் பின்னுக்குத் தள்ளும். போல்ட்டில் இருக்கிற நகம் சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டைக் கவ்வி இழுத்துப் பக்கத்து ஜன்னல் வழியாக வெளியே எறியும். பிறகு ஸ்பிரிங் போல்ட்டை முன்னால் தள்ள, அடுத்த தோட்டா உள்ளே போய் உட்காரும். இதெல்லாம் நீங்கள் கண்ணை மூடித் திறப்பதற்குள். நடுவில் யாராவது ஒருவர் சோம்பினால் போதும், காலிக் கூடு வெளியே போகாமல் ஜன்னலில் செங்குத்தாகச் சிக்கிக்கொள்ளும். 'துப்பாக்கி சுருட்டு பிடிக்குது' என்று எங்கள் கடையில் சொல்வோம். கேட்டுச் சிரிப்பார்கள். காட்டுப்பன்றி எதிரே நிற்கும்போது யாரும் சிரிப்பதில்லை.

சுருட்டு பிடிக்கிறது என்று ஒருவர் வந்தால் நான் துப்பாக்கியைக் கையில் வாங்குவதற்கு முன் அவரைத்தான் விசாரிப்பேன். எந்தத் தோட்டா போடுகிறீர்கள், தோளில் அழுத்திப் பிடிக்கிறீர்களா, கடைசியாக எப்போது துடைத்தீர்கள். பெரும்பாலும் குற்றவாளி துப்பாக்கியாக இருக்காது. ஒருவர் சமையல் எண்ணெயை ஊற்றிக் கொண்டுவந்தார். திறந்தால் கடை முழுக்க அடுப்படி வாசம். அந்த மனிதரைப் பல நாள் சொல்லிச் சிரித்தோம், நானும் என் தங்கையும்.

ஆமாம், கடையில் அவளும் உண்டு. அப்பா அம்மா போன பிறகு என் கையில் வளர்ந்தவள். எனக்குக் கல்யாணம் என்று ஒன்று நடக்கவில்லை, அதற்கு நேரமும் இருக்கவில்லை. சுட்டுப் பார்ப்பது எப்போதும் அவள் வேலை. அவள் தோள் லேசானது. அவள் தோளில் ஓடுகிற துப்பாக்கி யார் தோளிலும் ஓடும். காலிக் கூட்டின் விளிம்பில் நகம் போட்ட கீறலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது இழுக்குது, ஆனா அரைமனசா இழுக்குது" என்பாள். திறந்து பார்த்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். அவள் சொல்லித் தப்பியது கிடையாது.

கடைக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளர் எந்தத் தோட்டாவைப் போடுகிறாரோ அதே தோட்டாவைக் கொண்டுதான் சோதிப்போம். எங்கள் தோட்டாவில் ஓடி, அவர் தோட்டாவில் ஓடாவிட்டால் அது பழுது பார்த்ததாகுமா? வாசலிலேயே பலகை இருக்கிறது, 'உங்கள் தோட்டாவைக் கொண்டு வாருங்கள்' என்று. மூன்று சுடுவோம். மூன்று காலிக் கூட்டையும் வெள்ளை நூலில் கோத்து விசையைச் சுற்றியுள்ள காப்பு வளையத்தில் கட்டிக் கொடுப்போம். உங்கள் தோட்டா, உங்கள் துப்பாக்கி, எங்கள் வாக்கு என்று அதற்கு அர்த்தம். நிறையப் பேர் வீட்டில் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார்கள்.

இப்போது மாப்பிள்ளை. இறந்தவரைப் பற்றிக் கெட்டதாகப் பேச நான் வரவில்லை. சோளக்காட்டுக்காரர்கள் பன்றியை விரட்டவும் சுடவும் அமர்த்துகிற ஆள். சிரித்த முகம். உதட்டில் எப்போதும் ஏதாவது ஒரு பாட்டு. வாய்க்கு வாய் மச்சான், மச்சான். ஆனால் எதையும் எடுத்த இடத்தில் வைக்கமாட்டார். டீ குடித்த டம்ளரை என் இடுக்கியின் மேல் வைப்பார். ஈரத் துணியை ரம்பத்தின் மேல் போடுவார். என் தங்கை ஓடி ஓடி எடுத்து வைப்பாள், திட்டிக்கொண்டே சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. வளர்த்தவன் மனசு அப்படித்தான் இருக்கும்.

கல்யாணத்துக்குப் பிறகும் அவள் காலையில் கடைக்கு வந்துவிடுவாள். அதனால் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒருநாள் இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். அவள் முகத்தில் ஏதோ பூசிவிட்ட மாதிரி ஒரு பளபளப்பு.

"அண்ணா, இவருக்குத் துறைமுகத்துல கிடங்குக் காவல் வேலை கிடைச்சிருக்கு. குடியிருக்க வீடும் தர்றாங்க. அறுவடை முடிஞ்சதும் கிளம்புறோம்."

"கிளம்புறோம்னா?"

"ரெண்டு பேருந்தான். பின்னே இவரைத் தனியா விட்டா வேட்டியை மறந்துட்டு வேலைக்குப் போவாரு."

மாப்பிள்ளை என் தோளில் கை போட்டு, "நீங்களும் வந்துடுங்க மச்சான். கடலைப் பாத்துக்கிட்டே இருக்கலாம்" என்றார். கடலைப் பார்த்துக்கொண்டு நான் என்ன செய்வது? சந்தோஷம் என்று சொன்னேன். அன்று ஒரு குழலைத் தேய்க்கத் தொடங்கி, தேவைக்கு மேல் தேய்த்துவிட்டேன். அப்படி என் வாழ்க்கையில் நடந்ததில்லை.

அதற்குப் பிறகு நான் யோசித்ததெல்லாம் அவளைப் பற்றித்தான். தெரியாத ஊர், தெரிந்தவர் யாரும் இல்லை. பக்கத்தில் இருப்பது டம்ளரை இடுக்கியின் மேல் வைக்கிற ஒருவர். தன் பொருளையே பார்த்துக்கொள்ளத் தெரியாதவர் அவளை எப்படிப் பார்த்துக்கொள்வார்? நீங்களே சொல்லுங்கள். உங்களுக்கும் தங்கை இருப்பார்கள்.

அறுவடைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது அவர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வந்தார். "மச்சான், இது சுருட்டு பிடிக்குது. ஒண்ணு போவுது, அடுத்தது நிக்குது. பன்றி நின்னு வேடிக்கை பாத்துட்டுப் போவுது" என்று சிரித்தார். காவல் வேலைக்குப் போகுமுன் கடைசியாக ஒரு காடு பாக்கி, அதை முடித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும் என்றார்.

அவர் போடுவது பச்சைத் தோட்டா. வெடிமருந்து குறைவு, தோளில் மெல்லத்தான் உதைக்கும். முன்பு பரணிலிருந்து விழுந்து தோள்பட்டை முறிந்ததில் அவரால் சிவப்புத் தோட்டாவின் உதையைத் தாங்க முடியாது. சிவப்பில் மருந்து அதிகம், எங்கள் கடையில் ஒரு பெட்டி வைத்திருப்போம். துப்பாக்கி நல்ல நிலையில் இருந்தால் பச்சையும் ஒழுங்காக ஓடும். கொஞ்சம் அழுத்தம் கசிந்தாலும் பச்சைக்குப் போதாது, போல்ட் பாதி தூரம் போய்த் திரும்பிவிடும். சிவப்பு அந்தக் கசிவையெல்லாம் பொருட்படுத்தாது. நோஞ்சான் மாட்டையும் அடித்து ஓட்டுகிறவன் மாதிரி, தள்ளிக்கொண்டு போய்விடும்.

தங்கை மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். "எண்ணெய் தீர்ந்துபோச்சு, போய் வாங்கிட்டு வா" என்றேன். அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள். துப்பாக்கி எண்ணெய் விற்கிற கடை பஸ் நிலையத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. மாப்பிள்ளை சைக்கிள் கடைக்காரரோடு பேசப் போனார்.

பிரித்தேன். பழுது உடனே தெரிந்துவிட்டது. பிஸ்டனில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும், அழுத்தம் கசியாமல் பிடித்துக்கொள்வது அதுதான். அது காய்ந்து வெடித்திருந்தது. புதிய வளையம் என் வலது கைப்பக்க இழுப்பறையில் இருந்தது. எடுத்து மேசையில் வைத்தேன். துளையில் அடைந்திருந்த கரியைப் பார்த்தேன். கம்பி விட்டுக் குத்தினால் வந்துவிடும். சின்ன வேலை.

அப்புறம் புதிய வளையத்தை இழுப்பறையில் திரும்ப வைத்தேன்.

வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்தேன். கட்டையை மெருகேற்றினேன். கையில் எடுத்தவருக்குப் புதுத் துப்பாக்கி மாதிரி தோன்றும். பழைய வளையத்தையே மாட்டி, துளையை அப்படியே விட்டு, பூட்டினேன். முற்றத்துக்குப் போய் நானே சுட்டேன். சிவப்பு மூன்று. மூன்றும் பறந்து வந்து சுவரில் மோதி விழுந்தன. நூலில் கோத்துக் கட்டினேன். எண்ணெய்க் குப்பி, நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன், சுவர்ப் பலகையில் நிறைந்துதான் இருந்தது.

இதை நீங்கள் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள்.

ஐயா, உட்காருங்கள். இன்னும் முடியவில்லை.

நான் அவரைத் தள்ளிவிடவில்லை. அவர் கையை யாரும் கட்டவில்லை. இதை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அக்கறையுள்ள மனிதராக இருந்தால் வீட்டுக்குப் போய்ப் பிரித்துப் பார்த்திருப்பார், வளையத்தைப் பார்த்திருப்பார். நூலில் தொங்குவது பச்சையா சிவப்பா என்று யோசித்திருப்பார். நான் அவருக்கு ஒரு பரீட்சை வைத்தேன், அவ்வளவுதான். தேறியிருந்தால் என் தங்கையை முழுமனசோடு அனுப்பி வைத்திருப்பேன்.

பிறகு ஒரு வாரம் மழை. அதனால் அவர் காட்டுக்குப் போகவில்லை. மழை விட்ட அன்று பொழுது சாய்கிற நேரத்தில் போனார். நடந்ததைச் சோளக்காட்டுக் காவல்காரர் உங்களிடமும் சொல்லியிருப்பார். என்னிடம் சொன்னதைச் சொல்கிறேன். பெரிய ஆண் பன்றி ஒன்று வரப்பில் ஏறி நின்றது. மாப்பிள்ளை சுட்டார், பட்டது, ஆனால் விழவில்லை, திரும்பி இவரைப் பார்த்து வந்தது. அடுத்தது வெடிக்கவில்லை. காலிக் கூடு ஜன்னலில் நின்றுகொண்டிருக்கிறது, இவர் அதைப் பிடுங்கப் பார்க்கிறார். "விரலால பிடுங்கிக்கிட்டே இருந்தாருங்க, ஓடுங்கன்னு கத்துறேன், காதுல விழல" என்றார் காவல்காரர். தொடையில் குத்தியிருக்கிறது. வண்டி வருவதற்குள் இரத்தம் போய்விட்டது. என்னைத்தான் கேட்டாராம், மச்சானைக் கூப்பிடுங்க, மச்சான் பாத்துக்குவாரு என்று. தங்கையை நான் பார்த்துக்கொள்வேன் என்ற நம்பிக்கையில்தான் சொல்லியிருப்பார்.

காரியமெல்லாம் நானே முன்நின்று செய்தேன். ஒரு குறை வைக்கவில்லை. அவளை எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்தேன். அவளுடைய பழைய அறையை வெள்ளையடித்து வைத்திருந்தேன். எப்போது அடித்தாய் என்று அவள் கேட்டாள். மழைக்கு முன்னாடி என்றேன். அவள் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு மனவருத்தம். அவர்கள் வீட்டைக் காலி செய்யப் போனவள், ஆணியில் தொங்கிய நூலை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். மூன்று சிவப்புக் கூடு. மேசையில் வைத்தாள். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பி விளிம்பைப் பார்த்தாள், அவள் வழக்கம் அது. பிறகு பலகையில் இருந்த எண்ணெய்க் குப்பியை எடுத்து அசைத்துப் பார்த்தாள். அன்றைக்கு அவள் வாங்கி வந்த குப்பி பக்கத்திலேயே மூடி திறக்காமல் இருந்தது. நான் குழல் துடைத்துக்கொண்டிருந்தேன். இழுப்பறையைத் திறந்தாள், மூடினாள்.

"அண்ணா, எனக்குக் கொஞ்சம் தண்ணி குடு" என்றாள்.

நான் தண்ணீர் மொண்டு வருவதற்குள், ஈயம் பற்றவைக்கிற அடுப்பில் மூன்று கூட்டையும் நூலோடு போட்டுவிட்டாள். பிளாஸ்டிக் எரிகிற நாற்றம். அது என் வேலைக்கு அத்தாட்சி, ஐயா. மூன்றும் சுத்தமாக வெளியே வந்த கூடுகள். புருஷன் நினைவு தாங்காமல் செய்திருப்பாள் என்று விட்டுவிட்டேன். பக்கத்தில் போனேன், விலகிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் உங்கள் ஆள் விசாரிக்க வந்தபோது, துப்பாக்கியில் வெடித்த வளையம் இருந்ததே, உங்க அண்ணன் பார்க்கவில்லையா என்று அவளைக் கேட்டார். அவள் என்னைப் பார்க்காமலேயே சொன்னாள். "அண்ணனுக்கு வேலை அதிகம். கவனிக்காம விட்டிருப்பாரு. அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்லை." இரண்டு முறை சொன்னாள், வேற ஒண்ணும் இல்லை என்று. அந்த வார்த்தையைத்தான் நீங்கள் அப்படியே அறிக்கையில் இறக்கியிருக்கிறீர்கள்.

எனக்கு நெஞ்சில் அடித்த மாதிரி இருந்தது. வேறு யார் சொல்லியிருந்தாலும் போகட்டும் என்று விட்டிருப்பேன். கூட நின்று வேலை பார்த்தவள், என் கை சுத்தம் தெரிந்தவள், நான் ஒரு வளையத்தைப் பார்க்காமல் விட்டேன் என்று அடுத்தவர் முன்னால் சொல்கிறாள். வீட்டில் கேட்டேன். "அண்ணா, அது அப்படியே இருக்கட்டும். அதைத் தொடாதே" என்றாள். இப்போதெல்லாம் நான் பரிமாறினால் சாப்பிடுவதில்லை. நான் தூங்கிய பிறகு தானே போட்டுச் சாப்பிடுகிறாள். துக்கம் ஆற நாளாகும்.

பரீட்சை என்று சொன்னேனே, அதில் ஒன்றை விட்டுவிட்டேன். நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் வாக்குமூலம் என்றால் முழுதாக இருக்க வேண்டும். துப்பாக்கியை வாங்கும்போது மாப்பிள்ளை நூலைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "இது நம்ம பச்சை இல்லையே மச்சான்" என்றார். சட்டைப் பையிலிருந்து தன் தோட்டாவை எடுத்து நீட்டினார். "என்னோடதுல ஒரு தடவை சுட்டுப் பாத்துடலாமா? அவ அதைத்தான் முதல்ல கேப்பா."

நான் அவர் கையை மெல்ல மூடினேன். "தேவையில்லை மாப்ளே. நான் பாத்துட்டேன்" என்றேன்.

"அப்போ சரி. நீங்க பாத்தா போதும்" என்று தோட்டாவைப் பையில் போட்டுக்கொண்டார். டம்ளரை அன்று இடுக்கியின் மேல் வைக்கவில்லை. கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

ஆகவே வளையத்தைப் பார்த்தேன், துளையைப் பார்த்தேன், அவர் எந்தத் தோட்டா போடுவார், எந்தக் காட்டுக்குப் போவார் என்பதும் தெரியும். ஒன்றும் தவறிப்போய் நடக்கவில்லை. அவர் சாக வேண்டும் என்றுதான் அப்படியே பூட்டிக் கொடுத்தேன். எழுத்தரே, இதை அப்படியே எழுதுங்கள், சொல் மாற்றாமல். கையெழுத்து எங்கே போட வேண்டும்?

வெளியே பெஞ்சில் இருப்பது என் தங்கைதான். காலையில் நான் எங்கே கிளம்புகிறேன் என்று கேட்டாள், சொன்னேன். செருப்புக்கூடப் போடாமல் பின்னாலேயே ஓடி வந்தாள். பஸ்ஸில் வழியெல்லாம் அழுகை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "இருக்கிறதே நீ ஒருத்தன்தான் அண்ணா. உன்னையும் என்கிட்டேர்ந்து எடுத்துடாதே, திரும்பிப் போயிடலாம் வா" என்கிறாள். நான் உங்களோடு சண்டைக்கு வருகிறேன் என்று பயந்துவிட்டாள். பெண்பிள்ளை, அவளுக்குத் தொழிலின் சூட்சுமம் அவ்வளவு போதாது.

நீங்கள் போய் அவளிடம் மெதுவாகச் சொல்லுங்கள், ஐயா. அந்தச் சொல்லை எடுத்தாகிவிட்டது, அண்ணன் எதையும் கவனிக்காமல் விடவில்லை என்று. பாவம், அதைக் கேட்டால்தான் அவளுக்கு நிம்மதி வரும்.